பெலும் குகைக்குக் குடும்பத்தோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது பெலும் குகை. சென்னையிலிருந்து நாங்கள் இரண்டு முறை போய்வந்துவிட்டோம். முதல் முறை நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் மட்டும். இரண்டாம் முறை அம்மாவும் மாமியாரும் சேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து சொந்தக்காரர்களும் பள்ளி வாசலில் பார்க்கும் அம்மாக்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

அங்கே அப்படி என்ன இருக்கிறது?

வண்டியை விட்டு இறங்கியதும் ஒன்றுமே இருக்காது! சுற்றிலும் காய்ந்த வயல், சின்னக் குன்று ஒன்று, அதன் பக்கம் வெள்ளையாக ஒரு பெரிய புத்தர் சிலை. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என் பையன் கேட்டே விட்டான். குகை என்றால் மலையில் வாய் பிளந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தால் அப்படித்தான் தோன்றும். பெலும் குகை மலையில் இல்லை. சமதரையில், வயலுக்கு அடியில் இருக்கிறது. தரையில் கிணறு மாதிரிப் பள்ளங்கள் தெரியும். அதில் ஒன்றில் படி இறக்கியிருக்கிறார்கள், அதுதான் வாசல்.

கண்டறிந்து அளந்தவரை குகையின் நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நாம் நடக்கத் திறந்திருக்கிறது. மிக ஆழமான இடம் வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. மேகாலயாவில் இதைவிட நீளமான குகைகள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் கயிறும் ஹெல்மெட்டும் வேண்டும், பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. இங்கே முடியும்.

பெலும் என்றால் என்ன பொருள்?

நமக்குத் தெரிந்த சொல்தான். பிலம் என்றால் நிலத்துக்குள் போகும் குகை, பாதாள வழி. அந்த வடசொல்தான் தெலுங்கில் பெலும் ஆயிற்று. வாலி மாயாவியைத் துரத்திக்கொண்டு நுழைந்தானே, சுக்ரீவன் வாசலில் காத்துக் கிடந்தானே, அதுவும் பிலம்தான். இந்தக் கதையைக் காரில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். படியில் இறங்கும்போது என் மகள், "நாம வாலியா, சுக்ரீவனா?" என்று கேட்டாள். வாசலில் உட்கார்ந்துவிட்ட என் மாமியாருக்கு அன்றைக்கு முழுக்கச் சுக்ரீவன் என்றே பெயர்.

மனிதர்கள் குடைந்த குகையா?

இல்லை, முழுக்கத் தண்ணீர் செய்த வேலை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதே இல்லை, உங்கள் சமையலறையே போதும்.

கடப்பா கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தித் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? மறுநாள் அந்த இடம் மட்டும் வெளிறிப்போய், பளபளப்பு போய்த் தெரியும். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தத் தடம் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை. கல்லையே சாறு கொஞ்சம் கரைத்துவிட்டது. கடப்பா கல் என்பது கருப்புச் சுண்ணாம்புக்கல். பெலும் குகை இருப்பதும் கருப்புச் சுண்ணாம்புக்கல்லில்தான். அந்த வட்டாரம் முழுவதும் பாளம் பாளமாக வெட்டியெடுத்து அடுக்கியிருப்பதைச் சாலையோரத்தில் பார்க்கலாம்.

மழைநீர் மண் வழியாக இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. எலுமிச்சையோடு ஒப்பிட்டால் அந்தப் புளிப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கு லட்சக்கணக்கான வருடங்கள் நேரம் கிடைக்கிறதே! கல்லின் விரிசல்களில் புகுந்து, கரைத்து, அகலமாக்கி, கடைசியில் நிலத்தடியில் ஓடையாகவே ஓடி, இந்த வழிகளை அறுத்துவிட்டது. சுவரில் கை அகலத்துக்கு வழவழவென்று குழிகுழியாக இருப்பதைப் பாருங்கள். ஓடிய தண்ணீர் விட்டுப்போன தடம் அது.

கிளம்புவதற்கு முந்தின வாரமே ஒரு துண்டு கடப்பா கல்லில் எலுமிச்சையைப் பிழிந்து காட்டிவிடுங்கள். மேடையிலேயே செய்து பார்க்க வேண்டாம், நான் செய்துவிட்டேன், அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

உள்ளே குளுகுளுவென்று இருக்குமா? ஸ்வெட்டர் வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே வெதுவெதுப்பாக, புழுக்கமாக இருக்கும். பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆழமான குகைக்குள் வெப்பம் நாளுக்கு நாள் மாறாது. அந்த ஊரின் வருடச் சராசரி என்னவோ, ஏறக்குறைய அதுதான் உள்ளேயும் நிற்கும். ஐரோப்பாவில் அந்தச் சராசரி குறைவு, அதனால் அங்கே குகைக்குள் போகக் கோட்டு மாட்டுகிறார்கள். பெலும் இருக்கும் ராயலசீமையின் சராசரி என்ன என்று உங்களுக்கே தெரியும். அதோடு உள்ளே ஈரப்பதம் மிக அதிகம், வேர்த்தது காயாது. பருத்தித் துணிதான் சரி. ஜீன்ஸ் வேண்டாம். ஆளுக்கொரு சின்னத் துண்டும், ஆளுக்கு அரை லிட்டராவது தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

மூச்சு முட்டுமா?

பலருக்கு உள்ளூர இருக்கும் பயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து குழாய் போட்டு உள்ளே காற்று அனுப்புகிறார்கள். நடைபாதை ஓரமாக அந்தக் குழாய் கூடவே வரும், அங்கங்கே அதன் வாயிலிருந்து காற்று வீசும். அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது அப்படி ஒரு வாயருகே நிறுத்தினோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றார், அப்புறம் "சரி, வா போகலாம்" என்று அவரே முன்னால் நடந்தார்.

முதல் பகுதியில் கூடங்கள் விசாலமானவை. உயரமான கூரை, நல்ல வெளிச்சம், ஐம்பது பேர் நின்றாலும் இடம் இருக்கும். அங்கே யாருக்கும் முட்டாது. ஆழத்துக்குப் போகப் போகத்தான் வழி ஒடுங்குகிறது. சில இடங்களில் குனிய வேண்டும், சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எதிரில் ஒரு கூட்டம் வந்துவிட்டால் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். அந்த நிமிடத்தில்தான் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குப் படபடப்பு வரும். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று வற்புறுத்தாதீர்கள். முதல் கூடங்களைப் பார்த்தாலே குகையைப் பார்த்ததுதான்.

ஆஸ்துமா, இதய நோய், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் அதை வண்டியில் விட்டுவிட்டு வரக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இறங்கலாமா?

முதல் படிக்கட்டு அகலமாக, கைப்பிடியோடு இருக்கிறது. நிதானமாக இறங்கி ஏறக்கூடியவர்கள் போகலாம். உள்ளே பெரும்பாலும் சமதரைதான், ஆனால் கடைசியில் பாதாளகங்கை என்ற நிலத்தடி ஓடைக்கு இறங்கும் வழி ஈரமாக, சரிவாக இருக்கும். அங்கே முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் வேண்டாம். இறங்குவதைவிட ஏறி வருவதுதான் சிரமம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். சக்கர நாற்காலியில் உள்ளே போக வழி கிடையாது.

என் மாமியார் வாசலோடு நின்றுகொண்டார். நாங்கள் திரும்பிவர ஒன்றரை மணி நேரமாயிற்று. அதுவரை மேலே நிழலில் உட்கார்ந்து, டிக்கெட் கிழிக்கும் பெண்ணோடு பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசி, அவருடைய மகளின் கல்யாணக் கதைவரை கேட்டு வைத்திருந்தார். வாசலில் நிற்பவர்களுக்கு விசிறியும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டு இறங்குங்கள். உள்ளே போனால் போன் எடுக்காது, கூப்பிட்டுக் கேட்க முடியாது. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்த வயதுக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம்?

ஆறு வயதுக்கு மேல் என்றால் நல்லது. அந்த வயதில் அவர்களே நடப்பார்கள், சொன்னால் கேட்பார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புழுக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நடப்பது தாய்க்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். தள்ளுவண்டி உதவாது.

கால்களில் பட்டை வைத்த செருப்போ ஷூவோ கட்டாயம். முதல் முறை என் பையன் ரப்பர் செருப்போடு வந்தான். பாதாளகங்கைக்கு இறங்கும் சரிவில் வார் பிய்ந்துவிட்டது. வெறுங்காலோடு ஈரக்கல்லில் அவனை நடத்திக் கூட்டி வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இன்னொன்று, பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் சின்ன டார்ச் கொடுங்கள். உள்ளே மின்விளக்கு இருக்கிறதுதான். ஆனால் தன் டார்ச்சைத் தானே அடித்து ஒரு மூலையைப் பார்க்கும் பிள்ளைக்குக் குகை வேறு மாதிரித் தெரியும்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

எனக்கு மிகவும் பிடித்தது ஊடலமர்ரி. தெலுங்கில் ஊடலு என்றால் விழுதுகள், மர்ரி என்றால் ஆலமரம். கூரையிலிருந்து சுண்ணாம்புப் படிவு கற்றை கற்றையாக இறங்கி, அச்சு அசல் ஆலம் விழுதாகவே நிற்கிறது. நம் பள்ளிப் புத்தகத்தில் இந்தப் படிவத்துக்குக் கல்விழுது என்றும், தரையிலிருந்து மேலே வளர்வதற்குக் கல்முளை என்றும் பெயர் படித்திருப்பீர்கள். கல்விழுது என்ற சொல்லை உண்டாக்கியவர் இந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உண்டாக்கினாரோ என்று தோன்றும்.

அடுத்தது வேயி படகலு, ஆயிரம் படம். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பாம்புகள் படமெடுத்த மாதிரி இருக்கும். கோடிலிங்காலு என்ற இடத்தில் படிவுகள் சின்னச் சின்ன லிங்கங்களாகத் திரண்டிருக்கின்றன. அம்மா அங்கே கைகூப்பி நின்றுவிட்டார். தியான மந்திர், அதாவது தியான மண்டபம் என்ற பகுதியில் தலையணை வைத்த படுக்கை போலப் பாறை அமைந்திருக்கிறது. முற்காலத்தில் துறவிகள் தங்கினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

பாதாளகங்கைதான் கடைசி, ஆழமான இடமும் அதுவே. அருவி மாதிரி எதையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறு ஓடை, அவ்வளவுதான். வற்றாமல் வந்து கண்ணெதிரே பாறைக்குள் போய் மறைகிறது. அங்கிருந்து அந்தத் தண்ணீர் இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெலும் கிராமத்துக் கிணற்றுக்குப் போகிறது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. அங்கே கூட்டம் இல்லாத ஒரு நிமிடம் வாய்த்தால் எல்லாரும் பேசாமல் நில்லுங்கள். இந்தக் குகையைச் செய்தது என்ன என்பது காதில் கேட்கும்.

ஏழு ஸ்வரக் குகை என்கிறார்களே, தட்டிப் பார்க்கலாமா?

சப்தஸ்வரால குகை என்ற பகுதியில் தொங்கும் படிவுகளைத் தட்டினால் உலோகம் போல ஓசை வரும். 2006-இல்தான் அதைத் திறந்தார்கள். ஓசை வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் தட்டினால் என்ன ஆகும்? கல்விழுது வளர்வது பொதுவாக வருடத்துக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில்தான். விரல் நீளத்துக்கு ஒன்று உடைந்தால், அது திரும்ப வளர நூற்றுக்கணக்கான வருடங்கள்.

தொடுவதும் கெடுதல்தான். நம் கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் படிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வளர்ச்சி நின்றுவிடும். பாதையோரம் எட்டும் உயரத்தில் இருப்பவை கருத்து மினுமினுப்பதையும், எட்டாத உயரத்தில் இருப்பவை வெளுத்து ஈரமாக இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்குமேல் தொடாதே என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. 1980-களில்கூடப் பக்கத்து ஊர்க் குப்பையைக் கொட்டும் பள்ளமாக இருந்த இடம் இது. உள்ளூர்க்காரர்கள் சிலர் விடாமல் போராடித்தான் அரசு பாதுகாக்க முன்வந்தது. 1999-இல் ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று, பாதையும் விளக்கும் போட்டு, 2002-இல் மக்களுக்குத் திறந்தது. சாக்லேட் தாளைக்கூட உள்ளே போடக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

யார் இதைக் கண்டுபிடித்தது?

ஊர்க்காரர்களுக்கு எப்போதுமே தெரியும். எழுத்தில் முதலில் குறித்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-இல். சென்னைக்காரர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். அப்புறம் நூறு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1982, 83-இல் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு வந்து உள்ளே தவழ்ந்து அளந்தது. ஒரு கூடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வௌவால், பாம்பு?

நடைபாதையில் நாங்கள் பாம்பு பார்த்ததில்லை. வௌவால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. அதன் மேல் டார்ச் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள். அது பாட்டுக்கு இருக்கும்.

போரா குகைக்குப் போவதா, பெலுமுக்குப் போவதா?

இரண்டும் ஆந்திரம், இரண்டும் சுண்ணாம்புக்கல், ஆனால் அனுபவம் ஒன்றில்லை. போரா, விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் அனந்தகிரி மலையில், கடல் மட்டத்துக்கு 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாசல் கோபுர வாசல் போலப் பிரம்மாண்டம், உள்ளே கல்விழுதும் கல்முளையும் ஏராளம், மலைக்காற்று வேறு. விசாகப்பட்டினத்தில் காலையில் கிரந்துல் ரயிலில் ஏறினால் சுரங்கம் சுரங்கமாக நுழைந்து குகைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அந்த ரயில் பயணமே தனி விருந்து. பார்வைக்கு அழகு என்றால் போராதான்.

பெலுமில் அலங்காரம் குறைவு. ஆனால் பூமிக்குள் நடக்கிறோம் என்ற உணர்வு, வளைந்து வளைந்து போகும் வழி, ஆழம், அதெல்லாம் பெலுமில்தான். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் அதிகம் என்றால் போரா. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் நான் பெலும் என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் இந்த மாதிரி இல்லையா?

நம் மலைகள் பெரும்பாலும் கரையாத கடினப் பாறை. அதனால் மகேந்திரவாடி, மாமல்லபுரம் போல மனிதர் உளியால் குடைந்த குடைவரைகள்தான் நமக்கு அதிகம். தண்ணீர் குடைந்த சுண்ணாம்புக் குகையை நம்மவர்கள் அதிகம் பார்த்திருப்பது மலேசியாவின் பத்துமலையில்தான். 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, பெலும் அதே கதையின் பாதாளப் பகுதி.

எப்படிப் போவது? எங்கே சாப்பிடுவது?

சென்னையிலிருந்து காரில் ரேணிகுண்டா, கடப்பா, ஜம்மலமடுகு வழியாக சுமார் 400 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து அனந்தபூர், தாடிபத்ரி வழியாக சுமார் 300. ரயில் என்றால் சென்னை–மும்பை தடத்தில் தாடிபத்ரியில் இறங்கி, அங்கிருந்து 30 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். எல்லா ரயிலும் தாடிபத்ரியில் நிற்காது, பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

குகைக்குப் பக்கத்தில் கடைகள் குறைவு. தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போனோம், அதுதான் கைகொடுத்தது. கழிப்பறை மேலேதான், உள்ளே கிடையாது. இறங்குவதற்கு முன் பிள்ளைகளை ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை. கோடை விடுமுறையில் போகவே போகாதீர்கள். உள்ளே எப்போதும் ஒன்றுதான், ஆனால் மேலே ஏறிவந்ததும் அந்த வெயில் மண்டையைப் பிளந்துவிடும்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

கண்டிகோட்டா. பெண்ணாறு சிவந்த பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு, மேலே பழைய கோட்டை. காலையில் குகை, மாலையில் கண்டிகோட்டா என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்கின் விளிம்பில் முழுக்கத் தடுப்பு கிடையாது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கோயில் பிரியர்களுக்குத் தாடிபத்ரியில் விஜயநகரக் காலத்துச் சிற்ப வேலைப்பாடு நிறைந்த இரண்டு கோயில்கள், இன்னொரு திசையில் யாகண்டி சிவன் கோயில்.

மறுபடி போனால் எதை மாற்றிச் செய்வீர்கள்?

சனி, ஞாயிறு போகமாட்டோம். இரண்டாம் முறை நீண்ட விடுமுறை நாளில் போய், ஒடுங்கிய வழிகளில் நின்று நின்று நகர்ந்தோம். வார நாளில், காலையில் திறக்கும்போதே முதல் ஆளாக இறங்குவோம். தங்குவதைத் தாடிபத்ரியில் வைத்துக்கொண்டால் அது முடியும். வழிகாட்டியை நிச்சயம் வைத்துக்கொள்வோம், தொகையை முன்பே பேசிக்கொண்டு. தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது, ஆனால் மெதுவாகப் பேசச் சொன்னால் தெலுங்கு நமக்குப் பாதிக்கு மேல் புரியும்.

அப்புறம், மாமியாருக்கு இந்த முறை முதல் கூடம்வரையாவது இறங்கிப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. ஊடலமர்ரியின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இப்போதிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுகிறார், ஜனவரியில் போவதாக இருக்கிறோம்.